துரை பங்களாக் கொல்லையில் நம் வீடு

அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும் நான் நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு,

துரை பங்களாவை மறுபடியும் விற்றுவிட்டார்கள். நீ போனதற்கே நான் இன்னும் அழுது முடிக்கவில்லை, அதற்குள் இது.

கால்வாய் வெட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் கட்டியது என்று நீதான் சொல்வாய். அவர் போனதும் பண்ணையார் வாங்கினார். அவர் வயலில் நீ உழுதாய், கொல்லையில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் அங்கேதான் பிறந்தேன்.

கூலிச் சண்டை வந்தது, பண்ணையார் தஞ்சாவூருக்குக் குடிபோனார். உச்சவரம்புச் சட்டத்தில் பாதி நிலமும் போனது. குடியிருக்கும் மனைக்கு சர்க்கார் பட்டா கொடுத்தபோது தெருவே போய் வாங்கியது. நீ மட்டும் போகவில்லை.

"ஏன்டா, வாங்குனா கை சுடுமா?" என்றார் பெரியப்பா.

"ஐயா இருந்துக்கடான்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல பட்டா கேட்டா அவரு மேல கேஸ் போட்ட மாதிரில்ல ஆயிடும்?"

"ஆமா, உனக்குப் பங்களாவையே எழுதி வைப்பாரு, போ!"

உன் நம்பிக்கை பொய்யாகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிறகு பங்களாவை ராவுத்தருக்கு விற்றபோது பண்ணையார் உன்னைக் காட்டி, "இவன் கொல்லையில இருப்பான், ஒண்ணும் சொல்லாதீங்க பாய்" என்றார். ராவுத்தர் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. அம்மா செத்த அன்று அவர் வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. இப்போது அவரும் இல்லை. இப்போது விற்ற அவர் மகன் துபாயில் இருக்கிறார். நமக்காக யார் சொல்வார்கள்?

வாங்கியவர் கல்யாண மண்டபம் ஆக்கப்போகிறாராம். நேற்று வந்தார். கெட்டவர் இல்லை அப்பா. "பயப்படாதம்மா. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிக்கிட்டு இங்கயே இருந்துக்க" என்றார்.

"எழுதிக் குடுங்க ஐயா" என்றேன்.

"உங்கப்பா யாருகிட்டயும் எழுத்தாக் கேட்டதில்லையாமே?"

"அதனாலதாங்க கேக்குறேன்."

காரில் ஏறிப் போய்விட்டார். நல்ல வார்த்தை சொன்ன மனிதரை விரட்டிவிட்டேனோ? நீ இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

எனக்கு அலுத்துப்போய்விட்டது. சண்டை போடத் தெம்பில்லை. ஆனாலும் திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். இத்தனை வருஷம் கழித்துப் பட்டா கேட்டால் சிரிப்பார்களோ என்னவோ. கிடைக்காவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். உன் பேத்தி மட்டும் இன்னொருவர் கொல்லையில், அவர் நல்லவர் என்பதை நம்பிக் குடிசை போட மாட்டாள். விடமாட்டேன் அப்பா.

உன் ஒரே மகள்,
ராசாத்தி