கண்ணாடிக்கு உள்ளே மச்சான்

மார்ச் 3, திங்கள்

புதுக் கூண்டு வந்துவிட்டது. உயரக் கட்டடங்களின் வெளிக்கண்ணாடியைத் துடைக்க இத்தனை வருடம் மச்சானும் நானும் ஒரே கூண்டில்தான் தொங்கினோம். இது ஒற்றை ஆள் கூண்டு. எடை வரம்பு வேறு. மேற்பார்வையாளர் எங்கள் தொப்பைகளை மாறி மாறிப் பார்த்தார். "மே மாசம் எடை பாப்பேன். யாரு கம்மியோ அவர் மேல. இன்னொருத்தர் கீழ, தரை துடைக்கிற வேலை."

மச்சான் என்றால் இவளுடைய, அதாவது என் மனைவியின், தம்பி. இந்த வேலைக்கு அவனைக் கூட்டிவந்ததே நான்தான். திரும்பும் வழியில் சிரித்தான். "யாரு மேல போனா என்ன மாமா, குடும்பத்துக்குள்ளதானே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் எனக்கு என்ன வேலை? மேலே போனால்தான் மூச்சே ஒழுங்காக வருகிறது.

மார்ச் 6

ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்ன முட்டி. ஆகவே யோகா. யோகா நிலையத்துச் சுவரில் வகைவகையாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அனலடிக்கும் அறையில் செய்தால் ஹாட் யோகா. நிற்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் பவர் யோகா. தலையணை மேல் சாய்ந்து அசையாமல் கிடந்தால் யின் யோகா. கிடப்பதற்கெல்லாம் ஒரு பெயரா?

பவரில் சேரலாம் என்றுதான் இருந்தேன். மச்சான் ஏற்கெனவே விசாரித்துவிட்டானாம். "அது உங்க முட்டிக்கு ஆகாது மாமா. மெதுவா பண்றதுதான் உள்கொழுப்பக் கரைக்குமாம், டீச்சரே சொன்னாங்க. நானும் அதுலதான் சேர்றேன், எங்க வீட்டுப்பக்கம் இருக்கற கிளையில." வீட்டில் இவளும் தலையாட்டினாள். "தம்பி சொல்றது சரிங்க."

யின் யோகாவில் பெயர் கொடுத்தேன்.

மார்ச் 13

வகுப்பில் தூங்கிவிட்டேன். குறட்டை வேறு. கண் விழித்தால் மேலே ஒரு போர்வை. மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

மார்ச் 28

எடை அசையவில்லை. மச்சானைக் கேட்டால், "முதல்ல உடம்பு இளகணும் மாமா, அப்புறம்தான் இறங்கும்" என்கிறான். அவனுக்குச் சட்டை தொளதொளக்கிறது. நேரத்தோடு இளகிவிட்டான் போல. ஒரே யோகா, அவனுக்கு மட்டும் கரைகிறது, எனக்கு ஏன் இல்லை? நான் சரியாகப் படுக்கவில்லையோ? கோபம் கோபமாக வருகிறது. வேறு யார் மேல், என் மேல்தான். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 2

கூண்டில் தலை சுற்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மச்சான் பல்வலி என்று லீவு. வேறொருவரோடு போனேன். பெரிய கட்டடத்தில் காற்று அதிகம் என்று மேற்பார்வையாளர் எங்களை மச்சான் வீட்டுப்பக்கம் இருக்கும் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார். ஆறாவது மாடிக் கண்ணாடியில் சோப்பு நுரையை அடித்துவிட்டு வைப்பரை இழுத்தேன். உள்ளே ஒரு கூட்டம். எல்லோரும் குதிக்கிறார்கள், குனிகிறார்கள், எழுகிறார்கள். சுவரில் பெரிதாக 'பவர் யோகா'. முதல் வரிசையில், வியர்த்து விறுவிறுத்து, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு — மச்சான்.

என்னைப் பார்த்தான். தூக்கிய கால் தானாக இறங்கியது. பல்வலிக்காரனுக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

என்ன செய்வது? தட்டுவதா? தட்டி என்ன கேட்பது? மிச்ச நுரையையும் வழித்துவிட்டுக் கூண்டை இறக்கச் சொன்னேன். பாவிப் பய. கண்ண மூடிக்கிட்டு நம்பினேனே. சோறு போட்டு, வேலை வாங்கிக் குடுத்து... எனக்கே காது குத்திட்டானே!

ஏப்ரல் 17

நேற்றைவிட இன்று மோசம்.

காலையில் இவளிடம் சொன்னேன். தம்பியைக் கிழிகிழியென்று கிழிப்பாள் என்று நினைத்தேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

எதுக்கு என்றேன்.

"நீங்க மேல இருக்கறப்ப போன் அடிச்சாலே எனக்கு உயிர் போய் உயிர் வருது. கீழ ஒரு வேலை இருக்குன்னதும், இதுதான் நேரம்னு தோணுச்சு. அவனுக்கும் மேல போகணும். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

"உன் தம்பி விழுந்தா பரவாயில்லையா?"

"அவனுக்காகப் பயப்பட அவன் பொண்டாட்டி இருக்கா."

போகாதீங்கன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னா கேப்பீங்களா என்றாள். கேட்டிருக்க மாட்டேன். அது வாஸ்தவம். அதுக்காக? புருஷனத் தலையணையில படுக்கவச்சு வேடிக்கை பாப்பாங்களா? நான் ராத்திரி பட்டினி கிடந்தப்பவாவது சொல்லத் தோணலையா? தம்பி செஞ்சதுகூட ஆறிடும். இவ செஞ்சது ஆறாது.

ஏப்ரல் 18

மச்சான் வாசல்வரை வந்துவிட்டுப் போனானாம். நான் எழுந்திருக்கவில்லை.

மே 5, திங்கள்

எடை பார்த்தார்கள். மச்சான் மேலே. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. புதுக் கூண்டின் கொக்கியைச் சரியாக மாட்டியிருக்கிறானா என்று மட்டும் பார்த்தேன். மாட்டியிருந்தான். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். நவம்பரில் மறுபடி எடை பார்ப்பார்களாம்.

மே 24

மூன்று வாரமாகத் தரை. இவள் முகம் தெளிந்துவிட்டது. பகலில் படுத்தால்கூடத் தூக்கம் வருகிறதாம். எனக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாள். நானும் உம்மென்று இல்லாமல் நன்றாகத்தான் பேசுகிறேன்.

இன்று யோகா நிலையத்தில் வகுப்பை மாற்றிக்கொண்டேன். பவர். டீச்சரிடம் முட்டியைக் காட்டினேன். தாவாமல் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தார். பாதியில் உயிர் போனது, ஆனாலும் நிறுத்தவில்லை. நனைந்த பனியனை அங்கேயே அலசிப் பிழிந்து, மாற்றுச் சட்டையோடு வீட்டுக்கு வந்தேன்.

"வகுப்பு எப்படி இருந்துச்சு?" என்று தண்ணீர் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்பவும் போலத்தான். தலையணையில சாஞ்சுக்கிட்டுக் கிடந்தேன்."

நம்பிவிட்டாள்.