காதுகுத்து அன்று ஓடிய பாட்டு

கந்தர்வக்கோட்டை
12.2.2025

பரிமளாவுக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். கேட்காவிட்டால் உன் அப்பா குறை சொல்வார். ஆகவே, நலமா?

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். மெயில் போட்டால் கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கிறது. தபால்காரரை மட்டும் யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். பயப்படாதே, வீட்டு விஷயம் எதுவும் எழுதப் போவதில்லை. ரஸ்ட் ஆர்மடா பேண்டின் புது மெட்டல் ஆல்பம் வந்துவிட்டது. இதை இந்த ஊரில் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

கடையில் மோட்டார் வைண்டிங் வேலை ஓய்ந்திருந்த நேரத்தில் பிச்சைமுத்துவுக்குப் போட்டுக் காட்டினேன். ஊர் ஊராக மைக்செட் கட்டுகிறவன், சத்தம் தெரிந்தவன் என்று நம்பினேன். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "மாப்ள, பேரிங் போன மோட்டாரைக் கழட்டாமலே ஓட விட்ட மாதிரி இருக்குடா. யார்ரா இவனுகளுக்குச் சோறு போடுறது?" என்றான். நீயாக இருந்தால் டிரம்ஸ் எங்கே தாளம் மாறுகிறது என்றாவது சொல்லியிருப்பாய்.

ஆனால் நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். "வேகம், வேகம், அதுக்கப்புறம் இன்னும் வேகம். இவனுக எங்க போய்ச் சேரணும்னு இப்படி ஓடுறானுக?" என்பாய். என் கட்சி மாறவில்லை. மெட்டல் என்றால் ஓட வேண்டும். உன் ஆஷ் பெல்ஃப்ரி பேண்ட் மாதிரி ஒரு அடி அடித்துவிட்டு, அடுத்த அடிக்கு டீ குடித்து வருவதெல்லாம் எனக்குச் சரிப்படாது. அந்தப் பெரிய பாட்டின் நடுவில் ஒன்றுமே நடக்காத இடம் ஒன்று வருமே, அதை நான் இன்றுவரை தள்ளிவிட்டுத்தான் கேட்கிறேன்.

உன் தம்பி புளூடூத் ஹெட்போன் வாங்கித் தருகிறேன் என்று போன வருஷம் சொன்னான். வேண்டாம் என்றேன். வயரில் வராத சத்தம் சத்தமே இல்லை. என் ஆம்ப்ளிஃபயர் கூடத்து மூலையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. அம்மா அதன்மேல் வெற்றிலைத் தட்டு வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள், அது ஒன்றுதான் மாற்றம்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி இரண்டு பேரும் கோர்ட்டுக்கு வந்து பிரியச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொன்னார். அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆல்பத்தின் மூன்றாவது பாட்டை மட்டும் கேட்டுவிட்டு எழுது.

குணசேகரன்


பொன்னமராவதி
21.2.2025

குணாவுக்கு,

நலம். அப்பாவும் நலம். உன் கடிதத்தை அவர்தான் தபால்காரரிடம் வாங்கினார். வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். மெட்டல் ஆல்பம் பற்றி என்றதும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாவது பாட்டைக் கேட்டேன். பாலிடெக்னிக்கில் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டேன். அதில் இரண்டு பையன்களுக்கு மதிப்பெண் குறைந்திருந்தால் ரஸ்ட் ஆர்மடாதான் பொறுப்பு. டிரம்ஸ்காரன் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொண்டே இருப்பவனிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. பயப்படுகிறவன்தான் அப்படி விடாமல் அடிப்பான் என்று தோன்றுகிறது. நிறுத்தினால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள்.

ஆஷ் பெல்ஃப்ரியின் அந்தப் பாட்டில் ஒன்றும் நடக்காத இடம் என்று நீ சொல்வதுதான் எனக்குப் பாட்டு. அதுவரை அடித்ததெல்லாம் அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான். அதைத் தள்ளிவிட்டுக் கேட்கிறவன் அந்தப் பாட்டைக் கேட்கவே இல்லை. கல்லூரி பஸ்ஸில் அவர்கள் பெயர் போட்ட என் கருப்பு டீ-ஷர்ட்டைப் பார்த்துத்தானே முதன்முதலில் பேச வந்தாய்? "இவங்க ரொம்ப ஸ்லோங்க" என்றாய். அன்றைக்கே இறங்கிப் போயிருக்க வேண்டும் நான்.

சரி, வீட்டு விஷயம் எழுத மாட்டேன் என்றாய். நான் எழுதுகிறேன். ஒரே ஒரு கேள்வி.

உன் அக்கா மகனுக்குக் காது குத்திய அன்று, கூடத்தில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நான் ஆரத்தித் தட்டை எடுத்தேன். உன் அம்மா, "நீ எடுக்காத புள்ள, பெத்தவ யாராச்சும் எடுக்கட்டும்" என்றார்கள். தட்டை என் கையிலிருந்து உன் சித்தி வாங்கிக்கொண்டார்கள். நீ மூலையில், ஆம்ப் பக்கத்தில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கும் உனக்கும் நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. நீ நிமிரவில்லை.

மறுநாள் காலையில் நான் அப்பா வீட்டுக்குக் கிளம்பினேன். ஏன் என்று நீ இதுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன். அப்போது என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்தது?

யோசித்து எழுது. இருபதாம் தேதி நான் என்ன சொல்வேன் என்பது இதைப் பொறுத்தது.

பரிமளா


கந்தர்வக்கோட்டை
3.3.2025

பரிக்கு,

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் ஆகிறது. முந்திரி பூத்து நிற்கிறது, மருந்து அடிக்க ஆள் கிடைக்கவில்லை, கடையில் வேறு வேலை குவிந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். ரஸ்ட் ஆர்மடா, இரண்டாவது ஆல்பம், கடைசிப் பாட்டு. நன்றாக நினைவிருக்கிறது. வால்யூம் முழுசாக வைத்திருந்தேன். அந்தப் பாட்டு ஓடும்போது பக்கத்தில் வெடி வெடித்தாலும் தெரியாது, உனக்கே தெரியும். அம்மா அப்படிச் சொன்னார்கள் என்பது உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிகிறது. கேட்டிருந்தால் சும்மா இருந்திருப்பேனா? சத்தியமாகக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் அவர்கள் பழைய ஆள், ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள். இதற்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள்?

பயப்படுகிறவன்தான் விடாமல் அடிப்பான் என்று எழுதியிருக்கிறாய். அப்படிப் பார்த்தால் மெதுவாக அடிக்கிறவன் சோம்பேறி என்று நானும் சொல்லலாம். மெதுவாக அடிக்க யாராலும் முடியும். நம் ஊர் பம்பு செட்டே அடிக்கும்.

இன்னொரு விஷயம். மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். இந்த வருஷம் நான் பால்குடம் எடுக்கிறேன், கையில் காப்பு. காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று உனக்குத் தெரியும். அதனால் இருபதாம் தேதி என்னால் வர முடியாது. வக்கீலிடம் சொல்லிவிட்டேன். சாமி காரியம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

குணா


பொன்னமராவதி
22.3.2025

குணாவுக்கு,

இருபதாம் தேதி நான் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கோர்ட்டில் கிடைக்கவில்லை, நின்றேன். உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். உன் வக்கீல் காப்பு விஷயத்தைச் சொன்னார். அடுத்த தேதி ஏப்ரல் இருபத்து நான்கு.

எங்கள் ஊரிலும் மாரியம்மன் இருக்கிறாள், காப்பும் கட்டுகிறார்கள். பகலில் வெளியே போய்விட்டு ராத்திரி தங்காமல் வீடு திரும்பினால் போதும் என்பார்கள். நான் அங்கிருந்த கடைசி வருஷம் உங்கள் ஊரில் காப்புக் கட்டியிருந்தபோது நீ தஞ்சாவூர் போய் காப்பர் வயர் வாங்கி வந்தாய். பில் போட்டது நான்.

சாமியே கும்பிடாத ஆளுக்குத் திடீரென்று பால்குடம். இதை நினைத்து எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, "என்னத்தா, தனியா சிரிக்கிற?" என்று கேட்டார்கள். "வீட்டுக்காரர நெனச்சேன்" என்றேன். "மகராசியா இரு" என்றார்கள்.

வர இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று எழுது. பிரிய வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. இரண்டில் எதுவானாலும் உன் வாயால் வர வேண்டும். நான் கேட்ட பாட்டுக் கேள்வியையும் இன்னொரு முறை நினைத்துப் பார். பதிலை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது.

பரிமளா


கந்தர்வக்கோட்டை
29.3.2025

பரி,

இதைப் படித்தால் நீ நம்ப மாட்டாய். பிச்சைமுத்துவைச் சாட்சிக்கு வைத்து எழுதுகிறேன்.

பால்குடத்தன்று மைக்செட் அவனுடையது. அம்மன் பாட்டெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தேன். அதே கருப்பில் இன்னொன்றும் என் சட்டைப்பையில் இருந்தது. அதில் ஆஷ் பெல்ஃப்ரி. ஆமாம், நீ எழுதியதால் முழுசாகக் கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஏற்றி வைத்திருந்தேன். காலை அவசரத்தில் எதை அவனிடம் கொடுத்தேன் என்று பார்க்கவில்லை.

ஊர்வலம் கோவிலைச் சுற்றி வந்து நிற்கிறது. புளியமரத்து ஹார்ன் ஸ்பீக்கரில் திடீரென்று அந்தப் பாட்டு. முதல் அடி விழுந்ததும் என் தலையில் இருந்த பால் தளும்பி முகத்தில் வழிந்தது. அடுத்து பாடுகிற ஆள் அடித்தொண்டையில் உறுமினான் பார், கூட்டம் அப்படியே உறைந்துபோய்விட்டது. நான், "நிறுத்துடா!" என்று கத்துகிறேன். பிச்சைமுத்து ஜெனரேட்டர் பக்கம் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அதற்குள் முன் வரிசையில் ஒரு கிழவிக்குச் சாமி வந்துவிட்டது! பின்னாலேயே இன்னொருவருக்கு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆட்டம், அடிக்கு அடி தப்பவில்லை. பூசாரி என்ன செய்வது என்று தெரியாமல் திருநீறை அள்ளிக்கொண்டு நிற்கிறார். "யாருப்பா இந்தப் பாட்டு? நல்ல அழுத்தமா இருக்கே" என்று திருவிழாக் கமிட்டித் தலைவர் என்னிடமே கேட்டார்.

மூன்றாவதாக ஆடியது அம்மா.

அவர்களுக்கு இதுவரை சாமி வந்ததே இல்லை. தலைமுடி அவிழ்ந்து ஆடுகிறார்கள். அப்போதுதான் நீ சொல்கிற அந்த நடு இடம் வந்தது. பாட்டு நின்றது. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, ஊரே மூச்சு விடாமல் நிற்கிறது. அந்த அமைதியில் அம்மா சொன்னார்கள்: "எம் மருமவ எங்கடா? அவ கையத் தட்டிவிட்டுட்டு எனக்கு என்னடா திருவிழா? கூட்டியாங்கடா அவள!"

ஊரே கேட்டது. பிறகு மறுபடி அடி விழுந்தது, அம்மா மயங்கிச் சாய்ந்தார்கள். அதே பென்டிரைவில் அடுத்த பாட்டு ரஸ்ட் ஆர்மடா. ஒருத்தருக்கும் ஒன்றும் வரவில்லை, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிச்சைமுத்து ஓடி வந்து வயரைப் பிடுங்கினான். உன் கட்சி ஜெயித்துவிட்டது, எழுதியே தருகிறேன்.

ஆக, பரி, இனி நான் சொல்ல என்ன இருக்கிறது? சாமியே சொல்லிவிட்டது. ஊர்க்காரர்களும், "எப்பப்பா கூட்டியாரப் போற?" என்று கேட்கிறார்கள். இருபத்து நாலாம் தேதியெல்லாம் வேண்டாம், கிளம்பி வந்துவிடு. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வண்டி கொண்டு வருகிறேன்.

குணா


பொன்னமராவதி
9.4.2025

குணாவுக்கு,

பால் வழிந்த முகத்தோடு நீ நின்றதை நினைத்து நன்றாகச் சிரித்தேன். தம்பி நிலவழகனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் சிரித்து முடித்துவிட்டு, "மாமா நல்லா எழுதுறாருக்கா" என்றான். நல்லாத்தான் எழுதுகிறாய்.

அத்தை போன வாரம் எனக்குப் போன் செய்தார்கள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சாமி வந்தபோது என்ன சொன்னார்கள் என்று அவர்களுக்கு நினைவே இல்லையாம், ஊரார் சொல்லித்தான் தெரியுமாம். "அது சாமி சொன்னதோ என்னமோத்தா. இப்ப நானே சொல்றேன், அன்னைக்கு ஒன்னைய அப்படிச் சொன்னது தப்பு. ரொம்ப நாளா மனசுல கெடந்து அறுக்குது" என்றார்கள். அழுதார்கள். நானும் அழுதேன். அவர்கள்மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. அவர்களுக்கு முட்டி வலி அதிகமாகியிருக்கிறது, கவனித்துக்கொள்.

சாமி சொல்லிவிட்டது. அம்மா சொல்லிவிட்டார்கள். ஊர் சொல்கிறது. நீ என்ன சொல்கிறாய் என்று அந்தக் கடிதம் முழுக்கத் தேடினேன், எங்கும் இல்லை. வண்டி கொண்டு வருகிறேன் என்பது மட்டும் இருந்தது.

இனி நானே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தட்டு என் கையை விட்டுப் போனதும் நான் உள்ளறைக்குப் போனேன். உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆம்பின் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆம்பில் செருகியிருக்க வேண்டிய உன் ஹெட்போன் வயரின் ஜாக் தரையில், உன் கால் பக்கத்தில் கிடந்தது. யாரோ குழந்தை இழுத்துவிட்டிருக்கும். நீ அதை எடுத்துச் செருகவில்லை. காதில் மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். தலையைக்கூட ஆட்டிக்கொண்டிருந்தாய்.

பாட்டே ஓடவில்லை, குணா. நீ எல்லாம் கேட்டாய்.

உன் அம்மா சொன்னதற்காக நான் கிளம்பவில்லை. அந்த மாதிரிப் பேச்சை எத்தனையோ வீட்டில் கேட்டாயிற்று. அந்த ஜாக்கைப் பார்த்ததால் கிளம்பினேன். "ஆமா, கேட்டுச்சு, பயமா இருந்துச்சு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். அதற்காகத்தான் பாட்டுப் பெயர் கேட்டேன். நீ ஆல்பம், பாட்டு, வால்யூம் எல்லாம் எழுதினாய். இரண்டாவது முறை கேட்டேன், நீ சாமியை அனுப்பினாய்.

ஆஷ் பெல்ஃப்ரியை நீ முழுசாகக் கேட்டது எனக்குச் சந்தோஷம். அந்த டீ-ஷர்ட் என்னிடமே இருக்கட்டும். ஆம்ப் உனக்கு. அத்தையிடம் வெற்றிலைத் தட்டை அதன்மேல் வைக்க வேண்டாம் என்று சொல், தண்ணீர் பட்டால் போய்விடும்.

இருபத்து நாலாம் தேதி காலை பத்தரைக்கு வந்துவிடு. நான் சம்மதம் சொல்லப் போகிறேன். பதில் எழுத வேண்டாம்.

பரிமளா