பிச்சையின் பெயரை மாற்றவில்லை

பாடாங் செராய்

அன்புள்ள அம்மாவுக்கு ரூபினி எழுதுவது. குளுவாங்கில் நீங்களும் அப்பாவும் சுகம்தானே? உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் கவிழ்ந்து பிச்சை என்பவர் இறந்துபோனார். அன்று நான் அனுப்பிய செய்தி நான்கே வரி. விபத்து என்று நிர்வாகம் சொன்னதோடு அது முடிந்துவிட்டது. பிறகு எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஞாயிறு மலருக்கு நீண்ட கட்டுரை கேட்டார். பிச்சையின் மனைவி பிரேமாவதி அக்காவோடு பல நாள் இருந்தேன். டிராக்டரில் பிரேக் பிடிக்கவில்லை என்று பிச்சை முன்பே நிர்வாகத்திடம் முறையிட்டது, அன்று காலை தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது, எல்லாம் எழுதினேன். செய்தியில் நிருபர் கண்ணுக்குத் தெரியமாட்டார். இதில் ‘நான் பார்த்தேன்’ என்றே எழுதியிருக்கிறேன். என் பெயரும் வரும்.

நேற்று முன்பின் தெரியாத இருவர் என் அறை வாசலுக்கு வந்து, “நீங்கதானா எழுதுறது? பார்த்து எழுதுங்க லா,” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

உடனே அக்காவிடம் ஓடினேன். “பேரையெல்லாம் மாத்திடவாக்கா?” என்று கேட்டேன்.

“மாத்துனா வேற யாரோ செத்த மாதிரி ஆயிடும் லா. அவரு பேரு இருக்கட்டும். என் பேரும் இருக்கட்டும்,” என்றார். அதனால் நான் எந்தப் பெயரையும் மாற்றவில்லை.

அப்பாவிடம் சொல்லி நல்ல பூட்டு ஒன்று அனுப்புங்கள். இங்குள்ளது லேசானது. யார் கேட்டாலும் என் விலாசத்தைச் சொல்ல வேண்டாம். கட்டுரை அச்சுக்குப் போகிறது, கிளம்புகிறேன். தினமும் காலையில் ஒரு தடவை போன் செய்யுங்கள் அம்மா. நான் எடுக்கும்வரை விடாதீர்கள்.

உங்கள் மகள்
ரூபினி