உப்பு போட்ட ஐஸ்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் ஏரிக்கு அந்தப் பக்கக் குப்பத்தில், ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்த சேகரிடம் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுத்தேன். "எம் பொண்ணுக்கு வராம இருந்தா போதும், எடுத்துக்கோக்கா" என்று கையை நீட்டினார்.

திரும்பும் வழியில் பெட்டியில் ஐஸ் உருகிவிட்டது. படகோட்டி ஏழுமலை தன் இறால் ஐஸை அள்ளிப் போட்டு, மேலே கல்லுப்பும் தூவினார். "எறாலுக்கு இப்டித்தான்க்கா. பொன்னேரி வரைக்கும் ஜில்லுனு இருக்கும்." உப்பு போட்டால் ஐஸின் குளிர் இன்னும் ஏறி ரத்தமே கட்டியாகிவிடும், அப்புறம் சோதிக்க முடியாது என்று ஆய்வகத்தில் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வெயில் பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை. மூடியை நானே அழுத்தி மூடினேன்.

ஆய்வகத்தில் திறந்தபோது குழாயில் ரத்தம் கல்லாக உறைந்திருந்தது. "இது வேஸ்ட். நாளைக்கு மறுபடி எடுத்துட்டு வாங்க" என்றார் டெக்னீஷியன்.

சாயங்காலம் சேகர் இறந்துவிட்டார்.

எட்டு மணிக்கு அவர் மனைவி போன் செய்தாள். "அக்கா, இன்னா காய்ச்சல்னு தெரிஞ்சிச்சா? பாப்பாவுக்கும் உடம்பு கொதிக்குது." உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன்.

"அதான் அவரு ரத்தம் குடுத்தாரே, அத்தப் பாத்து மருந்து குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க" என்றேன்.