பேசாதீர்கள், எழுதுங்கள்

டிசம்பர் 3, 2020. போத்தனூர்

இன்று மருந்துக்கடையில் மறுபடியும் அதே கூத்து. அத்தாவின் சர்க்கரை மாத்திரை அட்டையை நீட்டினேன். கடைக்காரர் மாஸ்க்குக்குள் ஏதோ கேட்டார். "எனக்குக் காது கேக்காதுங்க, எழுதிக் காட்டுங்க" என்றேன். இன்னும் பலமாகக் கத்தினார் போல. கழுத்து நரம்பு புடைத்தது. வரிசையில் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள்.

ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனதிலிருந்து உதட்டைப் பார்த்துத்தான் ஊரோடு பேசி வந்தேன். இந்த வருஷம் ஊரே உதட்டை மூடிக்கொண்டது. மில் ஆபீஸில் ஆளைக் குறைத்தபோதும் முதலில் என்னைத்தான் நிறுத்தினார்கள். 'எல்லோரும் மாஸ்க் போட்டால் உனக்குத்தானே அம்மா சிரமம்' என்று எழுதிக் காட்டினார் மேனேஜர். என் சிரமத்துக்காகவாம்!

மாத்திரை வாங்காமல் திரும்பவில்லை. பேனாவைக் கடைக்காரர் கையில் கொடுத்து, அவர் எழுதும்வரை அங்கேயே நின்றேன்.

டிசம்பர் 6

அரைப்புள்ளியில் டிசம்பர் புதிர் சூடு பிடித்துவிட்டது. தமிழிலேயே ப்ரோக்ராமிங் கற்றுக்கொள்கிறவர்களின் ஆன்லைன் குழு அது. கொரோனாவால் யாரும் எங்கும் போக முடியாத லீவுக்காலம் என்று, நடத்துகிற கிருபாசங்கர் சார் தினமும் காலையில் ஒரு புதிர் போடுகிறார். ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ப்ரோக்ராம் எழுதி விடை கண்டுபிடிக்க வேண்டும். ஜூனில் நான் சேர்ந்தபோது ஒரு வரி எழுதத் தெரியாது. இப்போது புதிதாக வருகிறவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள்.

பேச்சு எல்லாம் டைப் செய்துதான். அங்கே நான் 'உஸ்மா, போத்தனூர்'. அவ்வளவுதான். காது பற்றிச் சொல்ல அவசியமே வந்ததில்லை.

என் ஜோடி பூஜிதா. அன்னூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பெண். சிக்னலுக்காக மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்துதான் எழுதுவாள். காலையில் அவளிடமிருந்து: "ஏனுங்க உஸ்மா, என்ற லூப் நிக்கவே மாட்டேங்குது. சுத்திட்டே கெடக்குதுங்க."

"எப்ப நிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"அட ஆமாங்க! கோழிக்குத் தீனி போட்டுட்டே எழுதிப்போட்டேன்."

தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

டிசம்பர் 12

புதிர்ப் பட்டியலில் எங்கள் ஜோடிக்கு மூன்றாம் இடம்! அத்தா லட்டு வாங்கி வந்தார். எதற்கென்று அவருக்குச் சரியாகப் புரியவில்லை. ஆனாலும் தெருவுக்கே கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 18

கிருபாசங்கர் சார் அறிவித்துவிட்டார். இருபத்தேழாம் தேதி இறுதிச் சுற்று. கோவைக் கம்பெனி ஒன்று பார்க்க வருகிறதாம். நன்றாகச் செய்கிறவர்களுக்கு வேலை கிடைக்கலாம். ஆனால் எல்லோரும் மைக்கைப் போட்டு வாயால் விளக்க வேண்டும், கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன் உவைஸ் உடனே வழி கண்டுபிடித்துவிட்டான். "நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். அவங்க கேக்கறத எழுதித் தாரேன், நீ பதில் சொல்லு. காது விஷயத்த மட்டும் வெளிய உட்றாத. தெரிஞ்சா வேலை போயிரும்."

"இல்லாத வேலை எப்பிடிண்ணா போகும்?"

அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. நல்லவன்தான். ஆனால் வேலை கிடைத்தால் தினமும் தன் கடையைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவானா? நான் எதைத் திருடினேன், ஒளித்துவைக்க?

டிசம்பர் 19

குழுவில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டேன்:

"எனக்குக் காது கேட்காது. பரிதாபம் வேண்டாம், சலுகையும் வேண்டாம். இத்தனை மாதம் நாம் எப்படிப் பேசினோமோ, இறுதிச் சுற்றும் அப்படியே நடக்கட்டும். எழுத்தில்."

உடனே பதில் போட்டவர், முதல் இடத்தில் இருக்கும் வம்சி: "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? நாளைக்கு ஆபீஸ்ல பேசித்தான் ஆகணும். இப்பவே பழகிக்கறது நல்லது."

பழகிக்கறதா? எதைப் பழகறது? காது கேக்கறதையா?

பதிலுக்கு எழுதினேன்: "உங்க ப்ரோக்ராம்ல எத்தனை தப்பு திருத்திக் குடுத்திருக்கேன் வம்சி? அப்ப என் காதைக் கேட்டீங்களா?"

அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

டிசம்பர் 20

மதியம்வரை திறக்கவில்லை. திறந்தால், வம்சிக்குக் கீழே பூஜிதா:

"நானும் மைக்கைத் தொட மாட்டேனுங்க. எங்க ஜோடி எழுதித்தான் விளக்கும். மார்க் போடலைன்னா போங்க."

அதற்குக் கீழே 'நானும்', 'நானும்' என்று திரை நிறைய. முகம்கூடத் தெரியாத ஆட்கள்! கடைசியில் கிருபாசங்கர் சார்: "யோசிக்காம அறிவிச்சுட்டேன், உஸ்மா. என்னோட தப்பு. சுற்று முழுக்க எழுத்துலயே நடக்கும். கம்பெனிக்காரரும் டைப் பண்ணித்தான் கேப்பார்."

சின்ன வயதிலிருந்து நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு அந்த வார்த்தையே கசந்துவிட்டது. காது மிஷின் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டவர்களுக்கு நன்றி, முன்பெஞ்சில் உட்காரவைத்ததற்கு நன்றி. யாருக்கும் மனதாரச் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். இவர்கள் எனக்கு எதுவும் தானம் செய்யவில்லை. நான் கேட்டது நியாயம் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குத்தான் நன்றி.

டிசம்பர் 27

வம்சி ஜோடி முதலிடம். நாங்கள் இரண்டாமிடம். கம்பெனி மேனேஜர் டைப் செய்வதற்குள் எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. இன்றைக்கு அவர்தான் பழகிக்கொண்டார்.

ஜனவரி 5, 2021

கம்பெனியிலிருந்து பட்டியல் வந்தது. பூஜிதாவுக்கு வேலை. வம்சிக்கு வேலை. என் பெயருக்கு நேரே: 'தொடர்புகொள்ள இயலவில்லை.'

போனைப் பார்த்தேன். தெரியாத நம்பரிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். காது கேக்காதவளுக்குப் போன் போட்டிருக்காங்க! எடுக்கலையாம்! இதைச் சொல்லி எங்க போய் முட்டிக்கறது?

அம்மா, "விட்ரு கண்ணு, நமக்கு இல்லைன்னு நெனச்சுக்க" என்றார். ஏன் விட வேண்டும்? மெயில் எழுதினேன்: "நீங்கள் அழைத்தது காது கேளாத ஒருத்தியை. நான் கிடைக்காமல் போகவில்லை. இந்த முகவரியில்தான் இருக்கிறேன். எழுதுங்கள்." அதையே குழுவிலும் போட்டேன்.

ஜனவரி 8

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. மன்னிப்பு, எழுத்துத் தேர்வு, தேறினால் மூன்று மாதம் சோதனை வேலை.

பின்னாலேயே வம்சியின் செய்தி: "கம்பெனி உங்களுக்கு மெயில் போடாம நான் வேலைக்குச் சேரமாட்டேன்னு சொல்லிப்போட்டேனுங்க. பூஜிதாவும் அதையேதான் சொன்னாங்க. அன்னைக்கு நான் எழுதினது தப்புங்க."

குழுவில் கிடந்த அவருடைய ப்ரோக்ராமைத் திறந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பிறகு எழுதினேன்: "சரிங்க வம்சி. உங்க இறுதிச்சுற்று ப்ரோக்ராம்ல இன்னும் ஒரு தப்பு இருக்கு. காலியான ஃபைல் குடுத்துப் பாருங்க, நின்னுபோயிரும்."

ஜனவரி 18

தேறிவிட்டேன். முதல் நாள் வேலை, வீட்டிலிருந்தே. மீட்டிங்கை எழுத்தில் வைக்கச் சொன்னேன். முகம் சுளித்திருப்பார்கள். சுளிக்கட்டும்.

பிப்ரவரி 7, ஞாயிறு

பூஜிதா வந்திருந்தாள்! அன்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி. எனக்காகவே ஒரு மாஸ்க் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். வாய்க்கு நேரே பிளாஸ்டிக் ஜன்னல், உதடு எனக்குத் தெரிய வேண்டுமாம். வாசலில் நின்று உற்சாகமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது மூச்சிலேயே ஜன்னல் முழுக்க ஆவி மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. அவள் துடைக்கிறாள், பேசுகிறாள், மறுபடியும் மூடுகிறது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியில் மாடியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டோம். ஆபீஸ் வம்பு, கோழிப்பண்ணை வம்பு, எல்லாம்.

அம்மா டீ கொண்டுவந்தவர், எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். "அத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்குது அந்தப் புள்ள. ரெண்டு வார்த்தை பேசாம, என்னம்மா போனையே நோண்டிட்டிருக்கீங்க?"

பூஜிதா என்னைப் பார்த்தாள்.

"பேசிட்டுத்தாம்மா இருக்கோம்" என்றேன்.