நாலாம் பாகத்தில் போன கை

அன்புள்ள மகன் ஜெரோஷனுக்கு,

மாதாவின் தயவில் வட்டகொடையில் நான் சுகம், வத்தளையில் உன் அக்கா டிலுக்ஷியும் சுகம். லண்டன் குளிரில் நீயும் சுகமாக இரு. அதற்கு மேல் நல்ல வார்த்தை சொல்ல இன்றைக்கு எனக்கு மனமில்லை. போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி.

நீ அங்கேயும் நான் இங்கேயும் கிழமைதோறும் பார்க்கிற அந்த விண்வெளி நாடகத்தில், கப்பல் மெக்கானிக் பொம்பளைக்கு நாலாம் பாகத்தில் இரும்புக் கதவு நசுக்கி இடது கை போனது. பதினோராம் பாகத்தில் அவளே இரண்டு கையாலும் தலை பின்னுகிறாள். இது எப்படி என்று கேட்டேன். கை போனது வேற ஒருத்திக்கு, நீங்க குழப்பிக்கிறீங்கம்மா என்றாய். அதோடு விட்டாயா? முகம் தெரியாதவர்கள் கூடி அந்த நாடகத்துக்காகச் சண்டை பிடிக்கிற பேஸ்புக் குழுவில், எங்க அம்மாவுக்கே எல்லாம் கலந்து போச்சு என்று எழுதி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறாய். பக்கத்து வீட்டு நிலக்ஷி வாசித்துக் காட்டினாள். வெட்கமாக இல்லையா உனக்கு? அவள் போனிலேயே நாலாம் பாகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். கை போனது அந்த மெக்கானிக் பொம்பளைக்கேதான், இடது கையேதான். நீ அன்றைக்கு ஓட்டி ஓட்டிப் பார்த்திருப்பாய். பிழை விட்டவன் நாடகம் எடுத்தவன், பட்டம் எனக்கா? இதை வைத்து, அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, டொக்டரிடம் காட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வைத்துக்கொள் என்று டிலுக்ஷியிடம் சொன்னாயாமே. தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன பிறகு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் முப்பது வருசம் பிள்ளை பார்த்தவள் நான். ஒரு பிள்ளையின் பால் போத்தலை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்ததில்லை. அந்தக் குழுவில் எழுதியதை அழித்துவிட்டு, பிழை என்னுடையது என்று அங்கேயே எழுது.

இன்னொன்று. இதையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை தலவாக்கலை பஸாரில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு எந்த பஸ் என்று தெரியவில்லை. மூன்று பஸ் போனது, ஏறவில்லை. யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. பிறகு தானாக ஞாபகம் வந்தது. டிலுக்ஷிக்கு நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. எனக்குப் பயமாக இருக்கிறது ஜெரோ. டொக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் அவளோடு போகமாட்டேன். நீ வந்து கூட்டிக்கொண்டு போ.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியும் சுகமும் தரட்டும். நெஞ்சுக்குத் தைலம் தேய்க்காமல் படுக்காதே. டிக்கெட் போட்டதும் சொல்லு.

கோபம் ஆறாத உன் அம்மா,
பெற்றீசியா