பதினோரு பொக்குக் காய்கள்

டீச்சரம்மா,

பேத்தி நேற்று பாயசம் கொண்டுவந்து வைத்தாள். ஏலக்காயைத் தட்டித் தாராளமாகப் போட்டிருந்தாள். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே தள்ளி வைத்துவிட்டேன். "என்ன தாத்தா, ஏலத்தோட்டத்துல வேல பாத்த ஆளுக்கு ஏலக்கா வாசம் ஆகாதா?" என்று சிரித்தாள். வாசம் யாருக்கு என்ன தீங்கு செய்தது? என் கையால் நடந்த ஒரு சனிக்கிழமைதான் அறுபத்தைந்து வருஷமாகக் கூடவே வருகிறது. நீங்கள் உங்கள் ஊர் சிலமலையில் காலமாகிவிட்டீர்கள் என்று போன மாதம் தகவல் வந்தது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அவளுக்கும் இன்றைக்குத்தான் இது தெரியப்போகிறது.

குரங்கணிக்கு மேலே அந்த எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னறையில் உங்கள் பாலர் வகுப்பு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து எஸ்டேட்காரர்கள் வைத்தது. மூக்கொழுகும் பதினோரு பிள்ளைகள், ஒரு கரும்பலகை, நீங்கள் போடியிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு படப்புத்தகம். நான் கேட் காவல்காரன். வெளியே போகிற பை, மடி, முண்டாசு எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பது என் சோலி. காய் பறித்துவிட்டு வரும் பெண்களையும் மடியை உதறச் சொல்வேன். அதில் ஒரு பெருமைகூட இருந்தது எனக்கு. இப்போது சொல்ல நாக்கூசுகிறது.

வேலை ஓய்ந்த நேரத்தில் உங்கள் சன்னலோரம் வந்து நிற்பேன். ஸ்டோர்ச் சுவர் கதகதப்பாக இருக்கும் என்பது சாக்கு, அந்தப் புத்தகத்துக் கதையைக் கேட்கத்தான் வருவேன். ஆற்றைக் கண்டு பயந்த ஆனைக்குட்டியின் கதை அது. பதினோரு பக்கம், பதினோரு பிள்ளை. ஆளுக்கு ஒரு பக்கம் என்று நீங்கள் பங்கு வைத்தீர்கள். தன் பக்கம் எது என்று தெரிய ஒவ்வொரு பிள்ளையும் அதில் ஓர் அடையாளம் வைத்தது. அங்கே வேறென்ன கிடைக்கும்? ஸ்டோர் வாசலில் புடைத்துத் தள்ளிய பொக்குக் காய்தான். உள்ளே விதையில்லாத வெறும் தோல், குப்பைக்குப் போவது. அதைத் தட்டையாக நசுக்கிப் பக்கத்துக்குள் செருகிவைப்பார்கள். தன் காய் வந்ததும் அந்தப் பிள்ளை எழுந்துபோய், புத்தகத்தை மடியில் வாங்கி, எழுத்தின் மேல் விரல் வைத்து வாசிக்கும். பாதி வாசிப்பு, பாதி மனப்பாடம். "இது எம் பக்கம், நீ தொடாதடா" என்று சண்டை நடக்கும். "தொட்டா ஒண்ணும் தேஞ்சு போகாது அப்பு. நீ வாசிச்சிட்டு அவனுக்கும் வாசிச்சுக் காட்டு" என்பீர்கள்.

ஆள்களை வேலை வாங்கும் கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. ஏலச்செடி தரையோடு காய்ப்பது. தூருக்கடியில் உதிர்ந்த காயைப் பொறுக்கச் சின்னக் கைகள்தான் தோது. நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளைகளை அட்டைக்கடிக்குள் குனியவிட்டுப் பழகிய மனுஷன் அவர். உங்கள் புத்தகம் வந்த பிறகு கூப்பிட்டால் பிள்ளைகள் வருவதில்லை. "இருங்க கங்காணி மாமா, எம் பக்கம் இன்னும் வரல" என்று ஒரு வாண்டு அவருக்கே பதில் சொன்னது. தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவர் உங்கள் கணக்கில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை, தையல் விட்டுப்போன புத்தகத்தைத் தைத்து வாங்கிவர நீங்கள் போடிக்குக் கிளம்பினீர்கள். கங்காணி எனக்கு முன்னதாகவே கேட்டில் வந்து நின்றிருந்தார். "அந்தம்மா பைய நல்லாப் பாருடா" என்றார்.

"பையத் தொறங்க டீச்சரம்மா" என்றேன்.

"என்னண்ணே, புதுசா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தீர்கள்.

காய்கள் புத்தகத்துக்குள்ளேயே இருந்தன. "எடுத்துறாதீக டீச்சர், எம் பக்கம் தொலஞ்சு போகும்" என்று பிள்ளைகள் அழுததை முந்தின நாள் நானும்தான் கேட்டிருந்தேன். வெறும் புத்தகம் என்று மூடிக் கொடுத்திருக்கலாம். தலைகீழாகப் பிடித்து உதறினேன். பதினொன்றும் மண்ணில் விழுந்தன.

மேனேஜர் மேசைமேல் அந்தக் குப்பையைப் பரப்பிவைத்துக்கொண்டு விசாரணை நடத்தினார்கள். ஏலக்காயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பொக்கு எது, காய் எது என்று தெரியாதவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். "பிள்ளைக வச்ச அடையாளம் சார். காவக்கார அண்ணனக் கேளுங்க, தெனமும் சன்னல்ல நின்னு கத கேட்டவரு" என்றீர்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைத்தாச்சி மனைவியையும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் மன்னிப்பார்கள். நான் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. கங்காணியின் கண் மட்டும் தெரிந்தது. "நான் கைநாட்டுங்க சார். புத்தகத்துக்குள்ள என்ன வப்பாக, ஏது வப்பாக, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "கத கேக்க எழுத்து தெரியணுமாண்ணே?" என்றீர்கள். அவ்வளவுதான்.

திருடி என்று எழுதி அனுப்பினார்கள். பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் உங்களைச் சேர்க்கவில்லை என்றும், வயலில் களையெடுக்கப் போகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். பல வருஷம் கழித்துப் போடிச் சந்தையில் ஒருநாள் உங்களைக் கண்டதும் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது வயசு ஆம்பிளை. தூ.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை பிள்ளைகள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார்கள். கங்காணி, பறித்துவைத்துக்கொண்ட உங்கள் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து மூக்குப்பொடி மடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. என் மேல் அது திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதல் பக்கத்துச் சிறுமி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்து, உங்களைப்போலவே தலையை ஆட்டி, வெறுங்கையைப் பார்த்து வாசித்தாள். முடித்ததும் அடுத்த பிள்ளை தன் கையை விரித்தது. ஆறாவது பக்கத்தில், "ஓட்டிட்டு வாடா, வெரசா" என்றார் கங்காணி.

ஓட்டிக்கொண்டு போனவன் நான்தான். சரிவில் இறங்கும்போதும் மீதிப் பக்கங்கள் வரிசை தப்பாமல் வந்துகொண்டே இருந்தன. கடைசிப் பக்கத்துப் பையன் தூருக்கடியில் குனிந்து பொறுக்கிக்கொண்டே ஆனைக்குட்டியை அக்கரை சேர்த்தான்.

பதினோரு பக்கமும் எனக்குள் அப்படியே இருக்கின்றன, எது யாருடைய பக்கம் என்பது உள்பட. பெற்ற பிள்ளைகளும் பிறகு பேரப்பிள்ளைகளும் மடியில் ஏறிக்கொண்டு கதை சொல்லச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன்.